ஷெய்கு என்னும் சொல்



தமிழ் நாட்டு வள்ளல்களின் வரிசையிலே வைத்து எண்ணப்படுபவர் கீழக்கரைச் சீதக்காதி. இறந்த பின்னும் ஈந்தவர் என்று பழமொழி அவரைப் போற்றுகின்றது. சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவருக்கு ஆதரவு தந்தவர் என்று இலக்கிய வரலாறு அவரைக் குறிக்கின்றது. பெயரோ எல்லோர் நாவிலும் வழங்குவது; ஆயினும் அப்பெயரின் பொருள் யாது என்று வினவினால், கற்றவரும் சற்றே தயங்குவர். 'சீதம்' என்பது குளிர்ச்சி ஆதலால், குளிர்ந்த உள்ளம் உடையவர் என்று பொருள் கூற முற்படுவாரும் உண்டு. கேட்பதற்கு இனிய விளக்கம்தான்; ஆனால் உண்மை அதுவன்று.

அவ்வள்ளலின் இயற்பெயர் அப்துல் காதிர். ஆற்றல் மிக்க இறைவனின் அடியார் என்பது அதன் பொருள். அப்பெயருக்கு முன்னே 'ஷெய்கு' என்னும் அரபு மொழி மதிப்புச் சொல் நின்றது. ஷெய்கு அப்துல் காதிர் என்னும் நெடும்பெயர் தமிழ் மக்கள் நாவிலே புகுந்து, செய்தக்காதி என்று சுருங்கி, பின்னர்ச் சீதக்காதி என்று உருண்டது. இடைப்பட்ட வடிவத்திற்குச் சான்று வேண்டுவோர், 'செய்தக்காதி நொண்டி நாடகம்' என்னும் நூலின் பெயரையே காணலாம். ஆற்றிலே உருண்டு வரும் கல் வழவழப்பாவதுபோல, மக்கள் நாவிலே உருண்டு வரும் சொல்லும் வழவழப்பாகிவிடுகின்றது. அக்கல் எந்த மலையிலிருந்து பெயர்ந்து வந்தது என்று தேடிச் செல்வது சொல்லாராய்ச்சியாளர்க்கு ஒரு தனி இன்பம். அந்த இன்பத்தையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

அரபு மொழியிலே பெரும்பாலான சொற்கள் மூன்று மெய்யெழுத்துக்களை வேராகக் கொண்டவை. வேரிலே உயிரெழுத்துக்கள் மாறி மாறி வந்து பற்பல சொற்களைப் பிறப்பிக்கும். எடுத்துக்காட்டாக, க, த, ப என்னும் மூன்றின் அடியாகக் 'கிதாப்' என்றால் நூல். 'காதிப்' என்றால் எழுதுபவர். 'மக்தப்' என்றால் எழுதக் கற்கும் இடம். இவ்வாறே ஷ, ய, க என்னும் மூன்று மெய்களின் அடியாகப் பிறந்தது ஷெய்கு. இறுதியில் நிற்கும் ககரம் நம் ககரம் அன்று. தொண்டையிலே காற்றை உராய்த்து எழுப்பும் ஒலி. அவ்வொலி தமிழில் இல்லாமையால், நம்மவர் அதனை ஷெய்கு என்றும், செய்கு என்றும், சேகு என்றும், ஷேக் என்றும் பலவாறு எழுதுவாராயினர். பெயர்ப் பலகைகளிலே இவை வெவ்வேறு பெயர்கள்போலத் தோன்றினும், சொல் ஒன்றே.

இவ்வேரின் பொருள் முதுமை அடைதல். 'ஷாக' என்றால் அவன் மூப்படைந்தான் என்பது பொருள். 'ஷெய்கூகா' என்றால் முதுமைப் பருவம். ஆகவே ஷெய்கு என்பதன் நேர்ப்பொருள் முதியவர் என்பதே. அரபு அகராதி ஆசிரியர்கள் மனித வாழ்வின் ஒவ்வொரு பருவத்திற்கும் ஒரு சொல் காட்டுவர். நம் பிள்ளைத்தமிழ் மரபிலே குழந்தைப் பருவம் பத்தாகப் பகுக்கப்படுவது போல, அவர்கள் முழு வாழ்வையும் பகுத்துப் பெயரிட்டனர். அப்பகுப்பிலே, ஐம்பது வயதைத் தாண்டி, நரை தெளிவாகத் தோன்றியவரே ஷெய்கு என்பர் சிலர். இந்தக் கணக்கின்படி பார்த்தால், இன்று அப்பெயர் தாங்கி நிற்கும் பலர் அதற்குத் தகுதி பெறப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்!

திருக்குர்ஆனிலே இச்சொல் நான்கு இடங்களில் வருகின்றது. தமக்கு மகன் பிறப்பான் என்னும் நற்செய்தி கேட்டு வியந்த இப்ராஹீம் நபியின் துணைவியார், தம் கணவர் முதியவராயிற்றே என்று சொல்லும் இடம் ஒன்று. யூசுப் நபியின் உடன்பிறந்தார், இளைய சகோதரனைச் சிறைப்படுத்த வேண்டாம், எங்கள் தந்தை தள்ளாத முதியவர் என்று மன்றாடும் இடம் மற்றொன்று. மத்யன் நாட்டுக் கிணற்றருகே ஆடுகளோடு ஒதுங்கி நின்ற இரு பெண்கள், தம் தந்தை முதியவராதலால் தாமே நீர் இறைக்க வந்ததாக மூஸா நபியிடம் கூறும் இடம் மூன்றாவது. மனிதன் கருவிலிருந்து தொடங்கி முதுமை எய்தும் படிகளைக் கூறும் இடம் நான்காவது. இந்த நான்கு இடங்களிலும் சொல் வயதையே குறிக்கின்றது, பட்டத்தைக் குறிக்கவில்லை. மூன்று இடங்களிலே அது தளர்ச்சியைக்கூடச் சுட்டுகின்றது. தளர்ச்சியைச் சுட்டிய சொல் தலைமையைச் சுட்டும் சொல்லாக உயர்ந்தது எவ்வாறு? இதுதான் நாம் ஆராய வேண்டிய வினா.

விடை காண வேண்டுமானால் அரபு நாட்டுப் பாலைவனத்திற்குச் செல்ல வேண்டும். அங்கே நாடோடியாகத் திரிந்த பதூவின் மக்களுக்கு ஏடு இல்லை, எழுத்து இல்லை, நிலையான ஊர் இல்லை. எந்தப் பள்ளத்தாக்கிலே எந்த மாதத்தில் புல் முளைக்கும், எந்தக் கிணறு கோடையிலும் வற்றாது, எந்தக் குலத்தோடு எந்தக் காலத்தில் உடன்படிக்கை செய்தோம், எவன் கொலைக்கு எத்தனை ஒட்டகம் ஈடு கொடுக்கப்பட்டது என்னும் செய்திகளெல்லாம் முதியவர்களின் நினைவிலேதான் வாழ்ந்தன. அவர் நினைவு தவறினால் குலத்தின் வழி தவறும். மழை பொய்த்த ஆண்டிலே, நாற்பது ஆண்டுகளுக்கு முன் இதே போன்று மழை பொய்த்தபோது தன் தந்தை கூடாரங்களை எங்கே கொண்டுபோனார் என்பதை அறிந்த ஒருவன் இருந்தால், குலம் பிழைக்கும். இல்லையெனில் ஒட்டகமும் மாளும், மக்களும் மாள்வர். ஆகவே முதுமை என்பது அங்கே தளர்ச்சி மட்டும் அன்று. அது ஒரு களஞ்சியம். நரைத்த தலையைக் கண்டு குலத்தார் எழுந்து நின்றது வெறும் நாகரிகத்திற்காக அன்று. தம் உயிரின் காவலுக்காக.

அவ்வாறு எழுந்த தலைவனுடைய அதிகாரத்தின் இயல்பையும் நாம் அறிய வேண்டும். அரசன் என்றால் ஆணையிடுவான், படை வைத்திருப்பான், சிறை வைத்திருப்பான். பாலைவனத்து ஷெய்குவிடம் இவை ஒன்றும் இல்லை. அவர் கூடாரத்திலே குலத்தார் கூடுவர், காப்பி காய்ச்சப்படும், ஒவ்வொருவரும் தம் கருத்தைத் தடையின்றிக் கூறுவர், இறுதியில் அவர் சொல் நிற்கும். அது நிற்பதும், கேட்டவர் உள்ளம் இசைந்ததனால் நிற்பதேயன்றி அச்சத்தால் அன்று. இசையாதவன் மறுநாள் விடியற்காலையில் தன் கூடாரத்தைப் பிடுங்கி ஒட்டகத்தின் மேல் ஏற்றிக்கொண்டு வேறொரு குலத்தாரோடு சேர்ந்துவிடுவான். அவனைத் தடுப்பார் இல்லை. விருந்தினர்க்கு உணவும் ஏழைகட்கு உதவியும் முதலில் அவர் கூடாரத்திலிருந்தே செல்ல வேண்டும். ஆதலால் தலைமை பலரை வறியவர்களாக்கியதும் உண்டு. தந்தைக்குப் பின் மூத்த மகனே தலைவன் என்னும் கட்டாயமும் இல்லை. ஒரு குடும்பத்தாருக்குள்ளேயே தலைமை சுற்றி வருமாயினும், அக்குடும்பத்தில் அறிவும் கொடையும் வீரமும் உடையவன் தம்பியாயினும், சிறிய தந்தையாயினும், அவனையே பெரியோர் ஏற்றனர்.

நகரமாகிய மக்காவிலும் முதுமைக்கு மதிப்பிருந்தது. குறைஷிக் குலத்தாரின் முன்னோராகிய குஸை என்பார் 'தாருந் நத்வா' என்னும் மன்றத்தை ஏற்படுத்தினார் என்றும், நாற்பது வயது நிரம்பியவர்க்கே அங்கு இடமுண்டு என்றும் பழைய வரலாற்றாசிரியர் எழுதுவர். ஆனால் குஸையின் வழிவந்த மக்களுக்கு மட்டும் அவ்வயது வரம்பு இல்லையாம்! பிறப்பு என்பது எப்படியாவது ஒரு பின்வாயிலைத் திறந்துகொண்டு நுழைந்துவிடுகின்றது. இச்செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; பின்னர் வேண்டியிருக்கும்.

முதியவர் என்னும் சொல் தலைவர் என்னும் பொருள் பெறுவது அரபு மொழிக்கு மட்டும் உரியதன்று. ரோமாபுரியின் பேரவை 'ஸெனேட்' எனப்பட்டது. லத்தீன் மொழியிலே 'ஸெனெக்ஸ்' என்றால் கிழவர். அதே குடும்பத்தைச் சேர்ந்த 'ஸீனியர்' என்னும் சொல்லே தேய்ந்து தேய்ந்து, ஆங்கிலேயர் மதிப்போடு விளிக்கும் 'சர்' ஆயிற்று. ஆகவே வகுப்பிலே ஆசிரியரை 'சார்' என்று அழைக்கும் மாணவன், தன்னை அறியாமலே, 'முதியவரே' என்றுதான் அழைக்கின்றான். ஆசிரியர் இளைஞராயிருந்தால் இதனை அவரிடம் சொல்லாமல் இருப்பது நன்று. 1688-ஆம் ஆண்டு சென்னையில் நகராண்மைக் கழகம் தோன்றியபோது அதிலே 'ஆல்டர்மன்' என்னும் உறுப்பினர் இருந்தனர். அச்சொல்லுக்கும் மூத்தவர் என்பதே பொருள். எகிப்து நாட்டினர் 1923-ஆம் ஆண்டு அரசியற் சட்டத்தின்படி மேலவை ஒன்றை அமைத்தபோது, 'ஸெனேட்' என்பதை 'மஜ்லிசுஷ் ஷுயூக்' என்று பெயர்த்தனர். அதாவது ஷெய்குகளின் அவை. 1952-ஆம் ஆண்டுப் புரட்சியோடு மறைந்த அந்த அவை, வேறு பெயரில் சில காலம் இருந்து, 2020-ஆம் ஆண்டில் அதே பழைய பெயரோடு மீண்டும் கூடியது. ரோமாபுரிச் சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான மொழிபெயர்ப்பு கிடைத்தற்கரிது.

தமிழிலே மூப்பு என்பதிலிருந்து மூப்பன், மூப்பர் என்னும் தலைமைப் பெயர்கள் பிறந்தன. ஆனால் மற்றொரு சொல் நேர் எதிரான வழியிலே பயணம் செய்தது. 'கிழவன்' என்னும் சொல்லைக் கேட்டால் இன்று நம் மனக்கண்முன் தோன்றுவது ஊன்றுகோலும் நரைமுடியும். தொல்காப்பியத்திலே கிழவன் என்றால் தலைவன், உரிமையுடையவன். காதல் தலைவனும் கிழவனே, தலைவியும் கிழத்தியே. அங்கே கிழமை என்றால் உரிமை. ஞாயிற்றுக்கு உரிமையான நாள் ஞாயிற்றுக்கிழமை. சங்கப் புலவராகிய கோவூர் கிழார், கோவூரில் உரிமையுடைய பெருமகனார். உரிமையைக் குறித்த இச்சொல் காலப்போக்கில் முதுமையைக் குறிப்பதாகி, இன்று சற்று மரியாதைக் குறைவாகவும் ஒலிக்கின்றது. அரபு நாட்டில் முதியவர் தலைவரானார். தமிழ் நாட்டில் தலைவர் முதியவரானார்.

இவ்விரு சொற்களும் ஒரு காலத்தில் ஒரே அவையில் அருகருகே அமர்ந்திருந்தன என்பது வியப்புக்குரியது. 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே இராமநாதபுரம் சீமையை ஆண்ட மன்னர், வரலாற்றிலே கிழவன் சேதுபதி என்று வழங்கப்படுபவர். அவர் 1710-ஆம் ஆண்டு வரையில் ஆண்டார். அவர் பெயரிலே தலைவன் என்னும் பழம்பொருளும் முதியவர் என்னும் புதுப்பொருளும் ஒருங்கே நிற்கக் காணலாம். அவருடைய நண்பராக விளங்கியவர் நம் சீதக்காதி. அதாவது ஷெய்கு அப்துல் காதிர்.

நிற்க. பாலைவனத்துத் தலைவரை விட்டுப் பள்ளிவாசல் திண்ணைக்கு வருவோம். இஸ்லாம் பரவிய நாடுகளிலே கல்வி கேள்விச் செல்வமாகவே வளர்ந்தது. நபிகள் நாயகத்தின் மொழிகளைக் கற்க விரும்பியவன், அவற்றைக் கேட்டறிந்தவரைத் தேடிச் சென்று, எதிரே அமர்ந்து, காதாரக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். அவருக்கு ஆசிரியர் யார், அவருக்கு முன்னவர் யார் என்னும் சங்கிலி அறுபடாமல் சொல்லப்பட வேண்டும். அந்தச் சங்கிலியிலே தனக்கு நேர் முன்னே நிற்பவரை மாணவன் 'என் ஷெய்கு' என்றான். கற்று முடித்தவனுக்கு, இனி நீயும் பிறர்க்குக் கற்பிக்கலாம் என்று ஆசிரியர் வழங்கும் இசைவுக்கு 'இஜாஸா' என்று பெயர். சான்றிதழைத் தந்தது கட்டடம் அன்று, மனிதர். இந்நாளில் நாம் எந்தக் கல்லூரியில் படித்தாய் என்று கேட்கின்றோம். அந்நாளில் யாரிடம் படித்தாய் என்று கேட்டனர்.

இங்கேதான் சொல்லின் பொருள் பெரியதொரு திருப்பம் கொண்டது. அறிவைக் குறிக்கத் தொடங்கியதும் அது வயதை உதறிவிட்டது. புகாரா நகரத்தில் 810-ஆம் ஆண்டில் பிறந்த இமாம் புகாரி, முகத்தில் முடி அரும்பாத பருவத்திலேயே பிறர்க்கு நபிமொழி உரைத்தார் என்றும், அதனைக் கேட்டு எழுதிக்கொண்டோர் இருந்தனர் என்றும் கூறுவர். பிற்காலத்தில் அவரையும் நபிமொழி தொகுத்த மற்றொரு பேரறிஞராகிய இமாம் முஸ்லிமையும் சேர்த்து, 'ஷெய்கான்' என்னும் ஒரே சொல்லால் குறித்தனர். அரபு இலக்கணத்தில் ஒருமை, பன்மை என்னும் இரண்டோடு, வடமொழியில் உள்ளது போல இருமையும் உண்டு. ஷெய்கான் என்றால் இரு ஷெய்குகள் என்பது பொருள். மேலும் விளக்கம் வேண்டாமலே, நபிமொழித் துறையில் அவ்விருவர் யாவர் என்பது மாணவர்க்கு விளங்கும்.

அதே புகாராவின் அருகே 980-ஆம் ஆண்டில் பிறந்தவர் இப்னு ஸீனா. மேலை நாட்டார் அவிஸென்னா என்று போற்றும் மருத்துவ மேதை. பதினேழு வயதளவிலேயே அந்நாட்டு மன்னரின் நோய்க்கு மருத்துவம் பார்த்து, பரிசாக அரண்மனை நூலகத்தில் புகுந்து படிக்கும் உரிமையைப் பெற்றவர். பொன்னும் மணியும் கேட்டிருக்கலாம், நூலகத்தைக் கேட்டார். மருத்துவத்திலும் மெய்யறிவிலும் அவருக்கிருந்த புகழால் பின்வந்தோர் அவரை 'அஷ்ஷெய்குர் ரயீஸ்' என்றனர். தலைமை ஷெய்கு என்று பொருள். ஸ்பெயின் நாட்டு மூர்ஸியாவில் 1165-ஆம் ஆண்டில் பிறந்து, 1240-ஆம் ஆண்டில் திமிஷ்கு நகரத்தில் மறைந்த ஞானி இப்னு அரபியை அவரைப் பின்பற்றுவோர் 'அஷ்ஷெய்குல் அக்பர்', மாபெரும் ஷெய்கு என்றனர்.

பெண்பாலில் இச்சொல் 'ஷெய்கா' ஆகும். 11-ஆம் நூற்றாண்டிலே மக்கா நகரில் வாழ்ந்த கரீமா என்னும் அம்மையார், புகாரியின் தொகுப்பைக் கற்பிப்பதில் புகழ் பெற்றவர். பாக்தாது நகரத்துப் பெரும் அறிஞராகிய கதீப் என்பார் ஹஜ்ஜுக்குச் சென்ற இடத்தில் அவரிடம் அந்நூலைப் பாடங் கேட்டார். பெண்ணிடம் கற்றேன் என்று சொல்லிக்கொள்ள அவ்வறிஞர் நாணவில்லை. அவ்வம்மையாரின் பெயர் சங்கிலியிலே ஒரு கண்ணியாக நிலைத்துவிட்டது.

ஆன்மிக நெறியிலே மாணவனைக் கைப்பிடித்து நடத்தும் குருவும் ஷெய்கு எனப்பட்டார். பாரசீகர் அவரைப் 'பீர்' என்றனர். பாரசீக மொழியில் பீர் என்பதற்கும் முதியவர் என்பதே பொருள்! சொல்லை அவர்கள் கடன் வாங்கவில்லை. கருத்தை வாங்கித் தம் சொல்லிலே வார்த்தனர். தமிழ் முஸ்லிம்களோ இன்னும் நெருங்கிய உறவுச் சொல் ஒன்றைத் தேர்ந்தனர். காயல்பட்டினத்துப் பேரறிஞர் ஷெய்கு சதக்கத்துல்லா அவர்களைச் சதக்கத்துல்லா அப்பா என்றனர். ஞானப்புகழ்ச்சி பாடிய தக்கலை ஞானியாரைப் பீர் முகம்மது அப்பா என்றனர். ஷெய்கு, பீர், அப்பா ஆகிய மூன்றும் மூன்று மொழிகளில் ஒரே மதிப்பைச் சொல்லும் சொற்கள்.

அரசும் இச்சொல்லைக் கண்டு ஆசை கொண்டது. 'ஷெய்குல் இஸ்லாம்' என்பது முதலில் பெரும் அறிஞர்க்கு மக்கள் தாமே வழங்கிய புகழ்ப் பெயர். உதுமானியத் துருக்கியர் அதனை ஓர் அரசாங்கப் பதவியாக மாற்றினர். தலைநகரின் தலைமை மார்க்கத் தீர்ப்பாளரே ஷெய்குல் இஸ்லாம் ஆனார். சுல்தான் சுலைமான் காலத்தில் தொடங்கி, 1545 முதல் 1574 வரையில், அப்பதவியை வகித்த அபுஸ்ஸுஊது எஃபெந்தி மிகப் புகழ் பெற்றவர். அவர்கள் தீர்ப்பெழுதும் முறை வியப்பூட்டுவது. வினா பல வரிகளில் நுணுக்கமாக எழுதப்பட்டிருக்கும். விடையோ பெரும்பாலும் ஒரே சொல்: 'ஆகும்' அல்லது 'ஆகாது'. சுல்தான் விரும்பினால் ஷெய்குல் இஸ்லாத்தைப் பதவியிலிருந்து நீக்கலாம். ஆனால் சுல்தானையே நீக்குவதற்கும் ஷெய்குல் இஸ்லாத்தின் தீர்ப்பு வேண்டும். 1909-ஆம் ஆண்டில் இரண்டாம் அப்துல் ஹமீது அரியணையிலிருந்து இறக்கப்பட்டது அத்தகைய தீர்ப்பின் பேரிலேதான். 1922-இல் சுல்தான் பதவி ஒழிந்ததும் அப்பதவியும் வழக்கொழிந்தது. கெய்ரோவிலே 10-ஆம் நூற்றாண்டில் தோன்றிய அல் அஸ்ஹர் கல்விக்கூடத்தின் தலைவர் மட்டும் 'ஷெய்குல் அஸ்ஹர்' என்னும் பெயரோடு இன்றும் விளங்குகின்றார்.

இத்தகைய சொல் அயலார் கையில் அகப்பட்டால் என்னாகும்? சிலுவைப் போர்க் காலத்தில் சிரியா நாட்டு மலைக்கோட்டைகளில் இஸ்மாயிலிப் பிரிவினர் சிலர் வாழ்ந்தனர். அவர்கள் தலைவர் 12-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாழ்ந்த ரஷீதுத்தீன் ஸினான். அவரை ஐரோப்பியர் 'மலைக் கிழவர்' என்று எழுதி வைத்தனர். ஷெய்கு என்னும் சொல்லுக்குத் தலைவர் என்று பொருள் கொள்ளாமல், கிழவர் என்று பொருள் கொண்டதன் விளைவு இது என்பது அறிஞர் பலர் கருத்து. அப்பெயரைச் சுற்றிக் கதைகள் குவிந்தன. பாரசீகத்து அலமூத் கோட்டை 1256-இல் மங்கோலியர் கையில் வீழ்ந்த பின்னர் அவ்வழியே பயணம் செய்த மார்க்கோ போலோ, கிழவரின் இன்பச் சோலையைக் கண்ணாற் கண்டவர் போல வருணித்தார். 20-ஆம் நூற்றாண்டில் நேர்ந்ததோ இன்னும் வேடிக்கை. 1921-ஆம் ஆண்டில் 'தி ஷெய்க்' என்னும் அமெரிக்கத் திரைப்படம் வெளிவந்தது. வாலென்டினோ என்னும் அழகிய நடிகர் அதிலே தோன்றினார். அதன் பின் சில ஆண்டுகள் அமெரிக்க இளைஞர் பேச்சிலே அச்சொல்லுக்குப் பெண்களின் மனங் கவரும் கட்டிளங்காளை என்று பொருள் வழங்கிற்று! ஐம்பதைக் கடந்த நரைமுடியார் இதைக் கேட்டிருந்தால் என்ன நினைத்திருப்பாரோ?

இனி, முன்னே நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்ன பிறப்புரிமைக்கு வருவோம். வளைகுடா நாடுகளிலே குலத் தலைவர்களின் குடும்பங்கள் ஆளும் குடும்பங்களாயின. 1961-இல் குவைத்து விடுதலை பெற்றபோது அதன் ஆட்சியாளர் 'அமீர்' என்னும் பட்டம் பூண்டார். 1971-இல் ஐக்கிய அரபு அமீரகம் தோன்றியது. ஆளும் குடும்பத்தில் பிறந்த ஆண்மக்கள் யாவரும் அங்கே ஷெய்கு. பெண்மக்கள் யாவரும் ஷெய்கா. தொட்டிலில் கிடக்கும் குழந்தையும் ஷெய்குதான். சொல்லின் வேரை எண்ணிப் பார்ப்பவர்க்கு, பல் முளைக்காத 'முதியவரை'க் கண்டு சிரிப்பு வராமல் இராது. அண்டை நாடாகிய சவூதி அரேபியாவில் வழக்கு வேறு. அங்கே அரச குடும்பத்தார் அமீர். ஷெய்கு என்பது பெரும்பாலும் மார்க்க அறிஞரைக் குறிக்கும். 18-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த முகம்மது இப்னு அப்துல் வஹ்ஹாபின் வழியினர், 'ஆலுஷ் ஷெய்கு', ஷெய்குவின் குடும்பத்தார் என்றே பெயர் பெற்றுள்ளனர். லெபனான் நாட்டிலோ பழங்குடிக் கிறித்தவப் பெருமக்களும் ஷெய்கு எனப்படுவர். 1943-இல் அந்நாட்டின் குடியரசுத் தலைவரான பிஷாரா அல் கூரி ஒரு கிறித்தவர். அவரும் ஷெய்கு பிஷாரா என்று அழைக்கப்பட்டவரே. ஆகவே இச்சொல்லை ஒரு மதத்தின் சொல் என்று கருதுவது பொருந்தாது; அது ஒரு மொழியின் சொல்.

வட இந்தியாவில் அது ஒரு வகுப்பின் பெயராகவே ஆகிவிட்டது. சையிது, ஷெய்கு, முகலாயர், பட்டாணியர் என்று நான்கு பிரிவாக எண்ணும் வழக்கம் தோன்றிற்று. அந்த எண்ணிக்கையைக் கேலி செய்யும் பழமொழி ஒன்றும் அங்கே உண்டு. சென்ற ஆண்டு நெசவாளியாக இருந்தவன் இந்த ஆண்டு ஷெய்கு ஆகிவிட்டான், தானிய விலை ஏறினால் அடுத்த ஆண்டு சையிதாகவும் ஆகிவிடுவான் என்பது அதன் கருத்து. பழமொழி நெசவாளியைக் கேலி செய்வதாகத் தோன்றுகின்றது. நெய்து பிழைத்தவன் மதிப்புள்ள பெயரொன்றை விரும்பியதில் குற்றம் யாது? பிறப்பால் வந்தது என்று சொல்லிக்கொண்ட பெயர்களிலும் பல, ஒரு காலத்தில் யாரோ ஒருவர் விரும்பி எடுத்துக்கொண்டவைதாமே!

அன்பினால் வைத்த பெயராகவும் அது ஒரு தொட்டிலுக்கு வந்ததுண்டு. மக்கட்பேறு நிலைக்காமல் வருந்திய அக்பர் சக்கரவர்த்தி, சிக்ரி என்னும் சிற்றூரில் வாழ்ந்த ஷெய்கு ஸலீம் சிஷ்தியை நாடிச் சென்றார். 1569-இல் பிறந்த மகனுக்கு அந்த ஞானியின் பெயரையே சூட்டி ஸலீம் என்றார். அவர்தாம் பின்னாளில் ஜஹாங்கீர் எனப் பெயர் பெற்ற பேரரசர். தம் தந்தையார் தம்மை ஸலீம் என்று அழைத்ததே இல்லை என்றும், எப்போதும் 'ஷெய்கு பாபா' என்றே அழைத்தார் என்றும் ஜஹாங்கீர் தம் வாழ்க்கைக் குறிப்பிலே எழுதியிருக்கின்றார். ஞானியின் பெயரை மகனை விளிக்கும் குரலிலே உச்சரிக்கவும் அத்தந்தையின் நா கூசியது போலும்.

எகிப்து நாட்டுச் சிற்றூர்களில் ஊர்த் தலைவரை 'ஷெய்குல் பலது' என்பர். பலது என்றால் ஊர். 1860-ஆம் ஆண்டில் ஸக்காரா என்னும் இடத்திலே மரியட் என்னும் பிரெஞ்சு ஆராய்ச்சியாளரின் ஆட்கள் ஒரு பழங்கல்லறையைத் தோண்டிக்கொண்டிருந்தனர். மண்ணுக்குள்ளிருந்து ஒரு மரச் சிலை வெளிப்பட்டது. பருத்த உடல், வட்ட முகம், மழித்தது போன்ற தலை, கையிலே கோல், உயிருள்ளவை போன்று ஒளிவிடும் பதித்த கண்கள். கண்ட தொழிலாளிகள் ஒருகணம் திகைத்து, 'ஷெய்குல் பலது!' என்று கூவிவிட்டனர். தங்கள் ஊர்த் தலைவரே மண்ணுக்குள்ளிருந்து எழுந்து வந்தது போன்று அவ்வளவு ஒப்புமை இருந்ததாம். அச்சிலைக்குரியவர் கா-அப்பர் என்னும் கோயில் அலுவலர். ஏறத்தாழ 4,500 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர்; அரபு மொழியில் ஒரு சொல்லையும் கேட்டறியாதவர். கலை வரலாற்று நூல்களிலே அவருடைய இயற்பெயரோடு, அன்று அத்தொழிலாளிகள் வைத்த பெயரும் சேர்ந்தே அச்சிடப்பட்டு வருகின்றது.